கராஜ் வாசல்: பெற்றோல் மணக்கிற கப்பும் ஒரு குளவிக்கூடும்

கேள்வி: அண்ணன், நான் நிலாவெளியில் மீன் ஏற்றுகிற தொழில் செய்கிறேன். என்னிடம் 1998 ஆம் ஆண்டு பெற்றோல் ஹைலக்ஸ் கப் (பிக்கப்) ஒன்று இருக்கிறது. மூன்று மாதமாக ஒரே பெற்றோல் மணம். காலையில் செட்டில் பெற்றோல் அடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் இரண்டு மூன்று தரம் இழுத்துத்தான் எழும்புகிறது. சும்மா நிற்கும்போது எஞ்சின் ஏறி இறங்குகிறது. தாங்கி மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று சத்தம். ஒரு கராஜில் பெற்றோல் பம்பை மாற்றினார்கள், ஒன்றும் மாறவில்லை. இன்னொருவர், "கனிஸ்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஹோஸை அடைத்துவிடு" என்கிறார். என்ன செய்ய?
– நிலாவெளி வாசகர்

பதில்: தம்பி, கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் போன் எடுத்து ஒரு கேள்விதான் கேட்டேன். அந்தப் புஸ் சத்தம் உள்ளே இழுக்கிறதா, வெளியே தள்ளுகிறதா? "மத்தியானத்தில் திறந்தால் முகத்தில் அடிக்கும் அண்ணன்" என்றீர்கள். பம்ப் மாற்றினது வீண் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பம்ப் பழுதானால் வண்டி இழுக்காது, வழியில் நின்றுபோகும். முகத்தில் ஆவி அடிக்காது. சரி, போன காசு போகட்டும். கப்பை உப்புவெளியில் இருக்கிற என் கராஜுக்குக் கொண்டுவந்த அன்று நாங்கள் கண்டதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பழைய பெற்றோல் கப் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் இதே வருத்தம் வரும்.

பெற்றோல் வெயிலுக்கு ஆவியாகாமல் இருக்காது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மத்தியானம் நிலாவெளி வீதியில் ஒரு கப்பை நிறுத்திவிட்டு வந்தால், தாங்கிக்குள் ஆவி கூடிக்கொண்டே இருக்கும். அதற்கு வெளியேற வழி வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் மூடியில் ஒரு துளை இருந்தது, ஆவி நேராக ஆகாயத்துக்குப் போனது. அந்த ஆவி வெயிலில் மற்றப் புகையோடு சேர்ந்து ஓசோன் புகைமூட்டமாக மாறுகிறது என்று தெரிந்தபிறகு, 1970 இல் கலிபோர்னியாவிலும் அடுத்த வருடம் அமெரிக்கா முழுவதிலும் அதை அடக்கச் சட்டம் வந்தது. அப்படி வந்ததுதான் இந்தக் கனிஸ்டர். உள்ளே பதப்படுத்திய கரி இருப்பதால் நான் அதைக் கரிப்பேணி என்பேன்.

வேலை இலகுவானது. தாங்கியில் இருந்து வருகிற ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் சூடேறி வண்டி ஓடத் தொடங்கியதும் பேர்ஜ் வால்வு என்கிற சின்ன வால்வு திறக்கும். எஞ்சின் இழுக்கிற இழுவையில், தாங்கிக்கும் எஞ்சினுக்கும் போகிற இரண்டு வாய் போக, பேணியின் மூன்றாவது வாயால் வெளிக்காற்று உள்ளே வந்து, கரியில் ஒட்டியிருக்கிற ஆவியை வாரிக்கொண்டு எஞ்சினுக்குள் போய் எரியும். ஆகாயத்துக்குப் போகிற பெற்றோல் திரும்ப உங்கள் கணக்கிலேயே சேருகிறது. சீனன்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன அந்தப் பென்னம்பெரிய தாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். தாங்கி எவ்வளவு பெரிதோ சிறிதோ, மூச்சுவிட வழி இல்லாவிட்டால் சிக்கல்தான்.

உங்கள் கப்புக்கு அந்த மூச்சுத்தான் அடைபட்டிருந்தது. பொனட்டைத் திறந்து பேணியைத் தேடினோம். அதன் காற்று வாயில் இருந்து ஒரு ஹோஸ் கீழே சில்லுப் பக்கமாகத் தொங்கியது. அதன் நுனியில் காய்ந்த களிமண். குளவிக்கூடு! விரல் பருமனில் ஒரு துளையைக் கண்டால் மண் குளவி விடாது, இரண்டு நாள் வண்டி ஓடாமல் நின்றால் போதும். சிரிக்க வேண்டாம். 2011 இல் மஸ்டா நிறுவனம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களை வட அமெரிக்காவில் திருப்பி அழைத்தது, இதே ஆவிக்குழாயில் ஒரு வகைச் சிலந்தி வலை கட்டியதற்காக. அவ்வளவு பெரிய கம்பனியின் வண்டியைச் சிலந்தி மறித்தால் நம்முடைய கப்பைக் குளவி மறிக்காதா? மண்ணைக் குத்தி எடுத்துவிட்டு நுனியில் மெல்லிய பித்தளை வலை ஒன்றைச் சுற்றிவிட்டோம். காற்றை மறிக்காத வலையாக இருக்க வேண்டும், துணி கட்டக்கூடாது.

அடுத்தது ஸ்டார்ட் பிரச்சினை. பெற்றோல் அடித்த கையோடு வண்டி எழும்ப மறுக்கிறது, மற்ற நேரத்தில் பரவாயில்லை என்றால், பத்தில் எட்டுத் தரம் நான் முதலில் பேர்ஜ் வால்வைத்தான் பார்ப்பேன். அது மூடியிருக்க வேண்டிய நேரத்தில் திறந்தே கிடந்தால், அடிக்கும்போது எழும்புகிற ஆவி எல்லாம் நேரே எஞ்சினுக்குள் போய்விடும். காற்றுக் குறைந்து பெற்றோல் கூடினால் எஞ்சின் எழும்பாது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிவிட்டு, வால்வில் பேணிப் பக்கம் போகிற ஹோஸைக் கழற்றி, அந்த வாயில் விரலை வையுங்கள். இழுவை இருக்கக்கூடாது. உங்கள் வண்டியில் விரலைப் பிடித்து இழுத்தது. விரலால் அடைத்த உடனே எஞ்சின் ஏறி இறங்குவதும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வேறு சாட்சி எதற்கு?

வால்வைக் கழற்றி வெள்ளைக் கடதாசியில் தட்டினால் மை போலக் கறுப்புத் தூள் விழுந்தது. அது கரிப்பேணிக்குள் இருந்த கரி. கரி ஏன் தூளானது என்று கேட்டால் குற்றவாளி நீங்கள்தான் தம்பி. கோபிக்க வேண்டாம், நானும் அதைச் செய்தவன். 2022 இல் செட் வாசலில் இரவு பகலாக வரிசையில் நின்றோமே, அப்போது வந்த பழக்கம். கிடைக்கிற அன்றைக்கு நிரப்பிவிட வேண்டும் என்ற பயத்தில், பம்ப் தானாக நின்ற பிறகும் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று கழுத்துவரை ஏற்றினோம். சிலர் வண்டியை ஆட்டி ஆட்டி ஏற்றினார்கள். தாங்கியின் மேற்பகுதியில் ஆவிக்கென்று விட்டிருக்கிற வெளி நிரம்பினால், பெற்றோல் ஆவியாக இல்லாமல் திரவமாகவே பேணிக்குள் போகும். ஆவியைப் பிடிக்கத்தான் அந்தக் கரி. ஊறிப்போனால் அதன் பிடி குறைந்துவிடும். நாளடைவில் உள்ளே இருக்கிற தடுப்பு கிழிந்து தூள் வெளியே வரும். வரிசை போய்ப் பல காலம், பழக்கம் மட்டும் போகவில்லை. நொசில் ஒரு தரம் 'டக்' என்று நின்றால் நிறுத்துங்கள். செட்டில் நிற்கிற பொடியன் கணக்கைச் சமப்படுத்துவதற்காக இன்னும் ஐம்பது ரூபாய்க்கு அடிக்கப் பார்ப்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூன்றாவதைத் தேடத்தான் நேரம் போனது. மணம் பின்னால் இருந்து வந்தது. தாங்கிக்கு மேலே போகிற இரும்பு ஆவிக்குழாயைப் பார்க்கத் தாங்கியை இறக்க வேண்டும் என்று எல்லாரும் நினைப்பார்கள். கப்பில் அது தேவையில்லை. பின்பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி நாலு பேர் பிடித்துத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். முதல்நாள் இரவே போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு வைத்தோம், அப்படியிருந்தும் இரண்டு முறிந்தது. பெட்டிக்குக் கீழே பார்த்தால், ஐஸ் கரைந்து மீன் பெட்டியில் இருந்து ஒழுகுகிற உப்புத்தண்ணீர் வழிந்த கோடு அப்படியே துருவாக இருந்தது. அந்தக் கோடு ஆவிக்குழாயைக் கடக்கிற இடத்தில் ஊசித்துளை. சவர்க்கார நுரை பூசிப் பார்த்தோம், கொப்புளம் கிளம்பியது. அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் பெற்றோலுக்கென்றே வருகிற புதிய ஹோஸ் போட்டு இரண்டு பக்கமும் கிளிப் முறுக்கினோம். மீன் தொட்டிக் குழாயோ தோட்டத்துத் தண்ணீர்க் குழாயோ போட்டால் ஆறு மாதத்தில் பிசின் ஆகிவிடும். மீன் ஏற்றுகிறவர்கள் பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, உப்புத்தண்ணீர் பின்பக்கமாக மட்டும் இறங்கும்படி செய்துகொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாள் கிணற்றுத் தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஒழுக்குப் பார்க்கிறோம் என்று கொம்பிரசர் காற்றைத் தாங்கிக்குள் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரயருக்கு முப்பது பிஎஸ்ஐ அடிப்போம், கொம்பிரசரில் நூறுக்கு மேல் இருக்கும். இந்த ஆவி அமைப்பைச் சோதிக்க வேண்டிய அழுத்தம் அரைப் பிஎஸ்ஐ அளவுதான். நூறை விட்டால் தாங்கி வெடித்துத் திறக்கும். சைக்கிள் பம்பால் மெதுவாக இரண்டு தரம் அழுத்தினாலே நுரை காட்டிக்கொடுக்கும்.

பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது, பள்ளத்தைத் தேடிப் போய்த் தங்கும். நான் வேலை பழகிய கராஜில் வண்டிக்குக் கீழே இறங்குகிற குழி ஒன்று இருந்தது. ஒருநாள் ஒரு வானின் தாங்கி ஹோஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்த மூத்த பாஸ் கைலாம்போடு குழிக்குள் இறங்கினார். பல்ப் ஒரு கல்லில் பட்டு உடைந்தது, அவ்வளவுதான். நீல நெருப்பு குழி முழுக்க ஒரு தரம் எழுந்து அணைந்தது. அவருக்குப் புருவமும் முன்மயிரும் போனது, உயிர் இருந்தது. அன்றைக்குப் பிறகு அவர் பெற்றோல் வேலையைத் திறந்த வெளியில்தான் செய்வார், பற்றறி வயரைக் கழற்றிய பிறகுதான் ஸ்பானரைத் தொடுவார். நானும் அப்படித்தான். வெறுந்தாங்கியை ஒட்டுப்போடக் கொண்டுவருகிறவர்களுக்கு இன்னொன்று: நிறைந்த தாங்கியை விட வெறுந்தாங்கிதான் பயம். உள்ளே இருப்பது முழுவதும் ஆவியும் காற்றும்.

இனி அந்த "கழற்றி எறி" என்ற யோசனை. ஊரில் பழைய கப்பின் பொனட்டைத் திறந்தால் ஹோஸுக்குள் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டிருப்பதைக் காணலாம். செய்தவருக்கு ஐந்து நிமிட வேலை. பிறகு தாங்கி வெயிலில் உப்பும், இரவில் குளிர்ந்து ஒட்டும், ஓடும்போது பெற்றோல் இழுபடாமல் வண்டி விக்கும். மூச்சு எங்கேயாவது ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து வெளியே வரும், அது நீங்கள் சுருட்டுப் பற்றவைக்கிற இடமாகவும் இருக்கலாம். அந்த வேலை வேண்டாம்.

சாமான் வாங்குகிற விசயத்தில் என் முறை இது. பேர்ஜ் வால்வு கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது எடுக்கலாம், ஆனால் கடையிலேயே சோதித்து எடுங்கள். மின்சாரம் இல்லாமல் ஊதினால் காற்றுப் போகக்கூடாது, 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்று திறந்து காற்றை விட வேண்டும். மீற்றர் வைத்திருக்கிறவர்கள் சுருளை அளந்து பாருங்கள், பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பது ஓமுக்கும் இடையில் காட்டும். கரிப்பேணி மட்டும் பழையது எடுக்க மாட்டேன். யார் கழுத்துவரை அடித்தார் என்று அந்தப் பேணிக்குத்தான் தெரியும். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் குலுக்கிப் பாருங்கள், உள்ளே சலசலத்தால் வைத்துவிட்டு வாருங்கள். சிலர் பேணியை வெட்டிச் சிரட்டைக்கரி இடித்து நிரப்பலாமா என்று கேட்கிறார்கள். நம் நாட்டுச் சிரட்டையில் இருந்து பதப்படுத்திய கரி செய்து ஏற்றுமதி செய்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது ஆலையில் அதிக சூட்டில் நீராவி கொடுத்து எண்ணமுடியாத நுண்துளைகளைத் திறந்த கரி. அடுப்படிக் கரிக்கு அந்தப் பிடி இல்லை, தூள்தான் மிஞ்சும்.

உங்கள் கப் மறுநாள் செட்டில் அடித்துவிட்டு ஒரே இழுவையில் எழும்பியதாகச் சொன்னீர்கள். முறிந்த போல்ட் இரண்டுக்கும் புதியது வந்துவிட்டது, வந்து போட்டுக்கொண்டு போங்கள்.

கேள்வி: அண்ணன், நான் உவர்மலையில் இருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கிற என் தம்பி 2004 ஆம் ஆண்டு சில்வராடோ பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறான். செக் எஞ்சின் லைட் எரிகிறது. பி0446, பி0455 என்று பிழை எண் வருகிறதாம். பெற்றோல் அடிக்கும்போது நொசில் அடிக்கடி தானாக நின்றுவிடுகிறது. அங்கே கராஜில் கேட்ட தொகையைப் பார்த்துப் பயந்து என்னை உங்களிடம் கேட்கச் சொன்னான்.
– உவர்மலை வாசகி

பதில்: கனடாவில் நிற்கிற வண்டிக்கு உவர்மலையில் இருந்து கேள்வி, உப்புவெளியில் இருந்து பதில். நல்லது தங்கச்சி, தம்பிக்கு இதைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

மேலே நிலாவெளித் தம்பிக்குச் சொன்ன அதே அமைப்புத்தான் அதிலும். வித்தியாசம் என்னவென்றால், 1996 க்குப் பிறகு அமெரிக்கச் சந்தைக்கு வந்த வண்டிகளில் கம்பியூட்டர் தானே ஒழுக்குச் சோதனை செய்யும். முதலில் ஒரு மில்லிமீற்றர் துளையைக் கண்டுபிடித்தால் போதும் என்று இருந்தது, பிறகு அரை மில்லிமீற்றர் ஆக்கினார்கள். நம் ஊரில் அந்தத் துளைக்கு யாரும் லைட் போடுவதில்லை, மூக்குத்தான் லைட்.

பி0455 என்றால் பெரிய ஒழுக்கு. அதற்கு முதல் சந்தேகம் மூடி. 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை முறுக்கி, ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார்க்கட்டும். வெடித்திருந்தால் வண்டி செய்த கம்பனியின் சொந்த மூடியே வாங்கட்டும். பி0446 காற்று வாய்ப் பக்கத்துப் பிழை. நொசில் நின்றுபோவதும் அதோடு பொருந்துகிறது. அந்த வருடத்து வண்டியில் அடிக்கும்போது எழும்புகிற ஆவியும் கரிப்பேணி வழியாகத்தான் போக வேண்டும், காற்று வாய் அடைபட்டால் ஆவி திரும்பி வந்து நொசிலை நிறுத்திவிடும். சில்வராடோவில் அந்தக் காற்று வாயைத் திறந்து மூடுகிற வென்ட் வால்வு தாங்கிக்குப் பக்கத்தில் சேசிஸோடு இருக்கிறது. தூசியும் சேறும் போய் அது இறுகுவது எல்லாருக்கும் தெரிந்த கதை. தூசி குறைந்த இடத்துக்கு மாற்றி வைக்கிற தனி வடிகட்டியோடு மாற்று வால்வு கிடைக்கும், அதை எடுப்பது புத்தி. வால்வுக்கு வருகிற வயர் பிளக்கின் செம்புக் கால்களில் பச்சை பிடித்திருந்தால் புது வால்வு போட்டும் பயன் இல்லை, அதையும் பார்க்கட்டும்.

அதற்குப் பிறகும் பி0455 வந்தால் பெற்றோல் ஊற்றுகிற கழுத்துக்குழாயைச் சில்லுப் பக்கமாகக் கையை விட்டுத் தடவிப் பார்க்கட்டும். இங்கே கடல் உப்பு, அங்கே பனிக்கு வீதியில் கொட்டுகிற உப்பு. இரண்டும் தின்பது ஒரே இரும்பைத்தான்.

வேலை முடிந்து அடுத்த நிமிடம் லைட் போகவில்லை என்று பதற வேண்டாம். வண்டி இரவு முழுக்கக் குளிர்ந்து நிற்க வேண்டும், தாங்கி காலியாகவும் இருக்கக்கூடாது, நிறைந்தும் இருக்கக்கூடாது. அரைத் தாங்கியோடு சில நாள் ஓடினால் சோதனை தானாக நடக்கும். ஒன்றாரியோவில் கார்களுக்கான புகைச் சோதனையை 2019 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள், அதனால் அவசரத்தில் கேட்ட காசைக் கொடுக்கத் தேவையில்லை. மூடியையும் வால்வையும் அவனே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றலாம்.

கேள்வி: என் பழைய பெற்றோல் வான் புகைச் சோதனையில் நின்றுவிட்டது. சும்மா நிற்கும்போது காபனோரொட்சைட்டு கூடவாம். பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றிவிட்டேன். நீங்கள் சொல்கிற கரிப்பேணிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா நானா?
– கிண்ணியா வாசகர்

பதில்: உண்டு தம்பி, ஆனால் சுற்றுவழியில். வருமான அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்கிற சோதனையில் குழாயைப் புகைபோக்கிக்குள்தான் விடுவார்கள். தாங்கியில் இருந்து எவ்வளவு ஆவி போகிறது என்று பார்ப்பதில்லை. எனவே கரிப்பேணி இல்லாத வண்டியும் பாஸ் ஆகும், அதைப் பார்த்துத்தான் பலர் கழற்றி எறிகிறார்கள். ஆனால் பேர்ஜ் வால்வு திறந்தபடி இறுகியிருந்தால், நிற்கும்போது எஞ்சினுக்குத் தேவையில்லாத பெற்றோல் ஆவி போய்க் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் ஏறும். வால்வுக்குப் போகிற ஹோஸைத் துணி சுற்றிய குறட்டால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு மீற்றரைப் பாருங்கள். இலக்கம் இறங்கினால் வால்வை மாற்றுங்கள். இறங்காவிட்டால் ஒட்சிசன் சென்சரையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். குறட்டைப் போட்டபடியே சோதனைக்குப் போய் வந்துவிடலாம் என்று யோசிக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அடுத்த வருடமும் வர வேண்டுமே.

கேள்வி: என்னுடையது டீசல் டபிள் கப். கரிப்பேணி எங்கே இருக்கிறது என்று தேடிக் கிடைக்கவில்லை. யாராவது கழற்றிவிட்டார்களா?
– கந்தளாய் வாசகர்

பதில்: யாரும் களவெடுக்கவில்லை ஐயா. டீசல் பெற்றோலைப் போல ஆவியாகாது, அதனால் டீசல் கப்பில் அது வருவதே இல்லை. தாங்கியின் மூச்சுக்குழாயில் மண் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதைப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால், கப்பை என்னிடம் கொண்டுவர வேண்டாம், கேட்டவரை அனுப்பிவிடுங்கள்.